நாட்டை நேசிப்பவர் அரசைக் குறை சொல்லலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் எதைப் பேச எடுத்தாலும் கடைசியில் பேச்சு இந்த இடத்துக்கு வந்து நின்றுவிடுகிறது. நாட்டுப்பற்று உள்ளவர் தன் நாட்டு அரசை வெளிப்படையாக விமர்சிக்கலாமா? கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள், ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வரும் நண்பர்கள் கேட்கிறார்கள், மகனை ராணுவத்துக்கு அனுப்பியிருக்கும் ஒரு தாயும் கேட்டார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் இருக்கும் கருத்து என்னுடையது.

அரசைக் குறை சொன்னால் நாட்டையே குறை சொன்னதாக ஆகாதா?

ஆகாது. அரசு என்பது நாம் ஐந்து வருஷத்துக்குப் பொறுப்பில் உட்காரவைத்திருக்கும் ஆட்கள். நாடு அவர்களுக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கும். தமிழ்நாட்டில் 1996, 2001, 2006, 2011 என்று அடுத்தடுத்து நான்கு சட்டமன்றத் தேர்தல்களில் ஆட்சியிலிருந்த கட்சியை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கானவர்கள் "இந்த ஆட்சி சரியில்லை" என்று விரலில் மை வைத்துக்கொண்டு சொன்னார்கள். அது நாட்டுக்கு விரோதம் என்றால் தேர்தல் நடத்துவதே குற்றமாகிவிடும்.

நெருக்கடி நிலைக் காலத்தில் காங்கிரஸ் தலைவராக இருந்த தேவ் காந்த் பரூவா, இந்தியாதான் இந்திரா, இந்திராதான் இந்தியா என்றார். நாட்டையும் ஆள்பவரையும் ஒன்றாக்கினால் பேச்சு எங்கே போய் முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். 1977 தேர்தலில் இந்திரா காந்தி ரேபரேலியிலேயே தோற்றார். இந்தியா அப்படியே இருந்தது.

விடுதலைப் போராட்டக்காரர்கள் எதிர்த்தது அந்நியன் ஆட்சியை. நாமே தேர்ந்தெடுத்த ஆட்சியை எதிர்ப்பது வேறு இல்லையா?

எதிர்த்தரப்பிலிருந்து வரும் கேள்விகளில் வலுவானது இதுதான். வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. அந்நிய ஆட்சியை வெளியேறச் சொன்னார்கள். நம் ஆட்சியை நாம் திருந்தச் சொல்கிறோம், இல்லையென்றால் அடுத்த தேர்தலில் மாற்றுகிறோம். ஆனால் அந்தப் போராட்டக்காரர்கள் 1947-க்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு உட்காரவில்லை.

நம் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாஜி அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்து, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1930-ல் வேதாரண்யத்தில் உப்பு எடுத்துச் சிறை போனார். சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல் பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர். 1954-ல் பாரத ரத்னா முதன்முதலாக வழங்கப்பட்டபோது பெற்ற மூவரில் ஒருவர். அதே ராஜாஜி 1959-ல், எண்பது வயதில், நேருவின் அரசை எதிர்ப்பதற்கென்றே சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்ஜியம் என்று அந்த அரசை மேடைமேடையாகச் சாடினார். அவருடைய பொருளாதாரக் கொள்கையை நான் ஏற்பவன் இல்லை. ஆனால் அவரைத் தேசத்துக்கு விரோதி என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இதே ராஜாஜி 1937 முதல் 1939 வரை மதராஸ் மாகாணப் பிரதமராக இருந்தபோது பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்களைச் சிறையில் போட்டார். நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் காவலில் இறந்தார்கள். பின்னாளில் அவரே இந்தியை ஒரே ஆட்சிமொழியாக்குவதை எதிர்த்துப் பேசினார். நாட்டுக்காகச் சிறை போனவர் கையெழுத்திட்டார் என்பதற்காக ஒரு உத்தரவு சரியாகிவிடாது. ஆள்பவரின் தியாகம் உண்மையாகவே இருந்தாலும் அவரைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

அந்தக் காலத்து ராஜத்துரோக வழக்கில் தண்டனை பெற்றவர்கள் நம் பக்கத்தில் யாராவது உண்டா?

சுப்பிரமணிய சிவா. 1908-ல் வ.உ.சி.யோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்டவர். சேலம் சிறையிலும் இருந்தார். சிறைவாசத்தில் தொழுநோய் பற்றிக்கொண்டது. 1925-ல் அன்றைக்குச் சேலம் மாவட்டத்தில் இருந்த பாப்பாரப்பட்டியில் இறந்தார். இன்றைக்கு அவருக்கு அரசே மாலை போடுகிறது.

சேலம் சிறையில் 1950-ல் துப்பாக்கிச் சூடு நடந்ததாகச் சொல்கிறார்களே, அதற்கும் பேச்சுரிமைக்கும் என்ன தொடர்பு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். சேலத்துப் பிள்ளைகளுக்கு இது பள்ளியில் சொல்லித்தரப்படாதது எனக்குப் பெரிய வருத்தம்.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. பதினாறு நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்தியச் சிறைக்குள் அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கைதிகள்மீது சுட்டார்கள். 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள், மலபார் அப்போது மதராஸ் மாநிலத்தில் இருந்தது. கம்யூனிஸ்ட் கட்சி அந்த மாநிலத்தில் தடைசெய்யப்பட்டிருந்தது. கட்சியும் அந்தக் காலத்தில் ஆயுதப் புரட்சிப் பாதையைப் பிடித்திருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. அந்தப் பாதை தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் செத்தவர்கள் அரசின் காவலில், பூட்டிய மதிலுக்குள் இருந்தவர்கள். அவர்கள் உயிருக்கு அரசுதான் பொறுப்பு.

அந்தச் செய்தியின் சூடு ஆறுவதற்குள், மார்ச் 1 அன்று, பம்பாயிலிருந்து ரமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் மதராஸ் மாநிலத்துக்குள் வரக்கூடாது என்று மாநில அரசு தடை போட்டது. பொது ஒழுங்குக்குப் பாதகம் என்பது காரணம். தாப்பர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மே 26 அன்று தீர்ப்பு வந்தது; தடை செல்லாது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் மதராஸிலிருந்து போன நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. அரசின்மேல் அதிருப்தியோ கசப்போ வருகிற மாதிரி விமர்சித்தார்கள் என்பதே பேச்சை முடக்கக் காரணமாகாது, அது அரசமைப்பின் பாதுகாப்பையே குலைப்பதாகவோ கவிழ்ப்பதாகவோ இருந்தால்தான் தடுக்கலாம் என்பது அதன் சாரம்.

அதே நாளில் இன்னொரு வழக்கிலும் தீர்ப்பு வந்தது. டெல்லியில் 'ஆர்கனைசர்' இதழை அச்சிடும் முன் அதிகாரிகளிடம் காட்ட வேண்டும் என்று போடப்பட்ட உத்தரவும் செல்லாது என்றார்கள். அது ஆர்.எஸ்.எஸ். சார்புடைய இதழ். ஒரு கம்யூனிஸ்ட் சார்பு இதழும் ஒரு ஆர்.எஸ்.எஸ். சார்பு இதழும் ஒரே நாளில், ஒரே காரணத்தால் காப்பாற்றப்பட்டன. எனக்குப் பிடிக்காதவன் பேசும் உரிமை போனால் நாளைக்கு என் உரிமையும் போகும் என்று இளைஞர்களுக்கு விளக்க நான் எப்போதும் இந்த இரண்டு வழக்குகளைத்தான் எடுப்பேன்.

நேரு அரசு சும்மா இருக்கவில்லை. 1951-ல் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு, வெளிநாடுகளுடனான நட்புறவு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகியவற்றைக் காரணம் காட்டிப் பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்று 19(2) பிரிவு விரிந்தது. கூடவே அந்தக் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. அதை வைத்துத்தான் நீதிமன்றங்கள் இன்றுவரை அரசைக் கேள்வி கேட்கின்றன.

இப்போதைய சட்டம் என்ன சொல்கிறது? அரசைத் திட்டினால் வழக்கு வருமா?

அரசின் நடவடிக்கையை விமர்சிப்பது மட்டுமே குற்றம் ஆகாது. ராஜத்துரோகத்தைத் தண்டிக்க 1870-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த, இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவை, 1962-ல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுருக்கியது. வன்முறைக்கோ பொது ஒழுங்கைக் குலைக்கவோ தூண்டினால்தான் அந்தப் பிரிவு பொருந்தும், எவ்வளவு கடுமையான சொற்களில் அரசைக் கண்டித்தாலும் பொருந்தாது என்றது. 2022 மே மாதம் அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது.

2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் 152-வது பிரிவு நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டுக்கு ஆபத்து விளைவிப்பதைத் தண்டிக்கிறது. ஆயுள் தண்டனைவரை போகலாம். அரசின் நடவடிக்கையைச் சட்டவழியில் மாற்றவைக்கும் நோக்கத்தோடு கண்டிப்பது குற்றமாகாது என்ற விளக்கம் அந்தப் பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. இருந்தாலும் பிரிவின் சொற்கள் விரிந்து கிடக்கின்றன, அது எனக்குக் கவலை தருகிறது. கடைசியில் விடுதலையானாலும், வழக்கு முடியும்வரை கோர்ட்டுக்கு அலைவதும் வேலை போவதும் பாஸ்போர்ட் சிக்கலும் ஒரு குடும்பத்தை உருக்குலைத்துவிடும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று தைரியம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

தேசியக் கொடி, தேசிய கீதம் விஷயத்தில்?

கொடியை எரிப்பது, மிதிப்பது 1971-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் அதே சட்டம், அரசியலமைப்பையும் அரசின் நடவடிக்கையையும் சட்டவழியில் மாற்றக் கோரி விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று சொல்லிவிடுகிறது. கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கையால் பாடாமல் இருந்த கேரளத்துப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வளர்ச்சித் திட்டத்தை எதிர்ப்பவர்கள் நாட்டின் முன்னேற்றத்துக்கு எதிரிகள்தானே?

சேலத்தில் இந்தக் கேள்வி வந்தால் மனதில் இருப்பது எட்டு வழிச்சாலைதான். 2018-ல் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் மாவட்டங்கள் வழியாகச் சென்னைக்குச் சுமார் 277 கிலோமீட்டர் சாலை, 10,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். போலீஸ் பாதுகாப்போடு வந்து பயிர் நிற்கும் நிலத்தில் அளவுக்கல் நட்டார்கள். பெண்கள் வரப்பில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். சில இடங்களில் நட்ட கல்லைப் பிடுங்கிப் போட்டார்கள். எதிர்த்துப் பேசியவர்கள் கைதானார்கள். வளர்ச்சியைத் தடுக்கும் தேசவிரோத சக்திகள் என்ற பட்டமும் கிடைத்தது.

அந்த விவசாயிகள் என்ன கேட்டார்கள்? ஏற்கனவே சென்னைக்குச் சாலைகள் இருக்கும்போது எங்கள் கிணறும் தென்னையும் ஏன் போக வேண்டும், சுற்றுச்சூழல் அனுமதி எங்கே, எங்களிடம் ஏன் கேட்கவில்லை? இவ்வளவுதான். கேட்ட இடமும் நாட்டின் நீதிமன்றம். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்று மாற்றிச் சொன்னது. ஆனால் நிலம் எடுத்து முடிக்கும் முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பெயரை மாற்றியது தவறு என்பதை நிலைநிறுத்தியது. விவசாயிகள் முழுதாக ஜெயிக்கவில்லை. சாலை வேண்டும் என்று வாதாடியவர்களிலும் ஊர்மேல் அக்கறை உள்ளவர்கள் இருந்தார்கள். அதனால்தான் இதை யார் தேசபக்தர் என்ற சண்டையாக்காமல், சாலை தேவையா, எந்த வழியாக, எந்த விலைக்கு என்று பேசியிருக்க வேண்டும்.

சேலம் உருக்காலை விஷயமும் இப்படித்தான். நாணயம் அச்சடிக்கத் தேவையான உலோக வில்லைகளைச் செய்துகொடுக்கும் ஆலை அது. அதைத் தனியாருக்கு விற்காதே என்று தொழிலாளர்கள் மத்திய அரசை எதிர்த்து வருஷக்கணக்கில் கோஷம் போட்டார்கள். பொதுச்சொத்து பொதுச்சொத்தாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் நாட்டுப்பற்று இல்லையென்றால் வேறு எதில் இருக்கிறது?

போர்க் காலத்திலாவது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாமா?

ராணுவத் தாய் கேட்டது இது. 1962-ஐப் பார்த்தால் பதில் கிடைக்கும். தனித் திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த தி.மு.க., சீனப் படை எல்லை தாண்டியதும் தன் போராட்டத்தை நிறுத்திவிட்டு நாட்டின் பாதுகாப்பு முயற்சிக்குத் துணை நின்றது. 1963-ல் பிரிவினைக் கோரிக்கையையே கைவிட்டது. இது ஒருபக்கம்.

அதே நாட்களில், சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே நாடாளுமன்றம் கூட்டப்பட்டது. இமயத்துக் குளிரில் நிற்கும் ஜவானுக்குக் கம்பளி உடை இல்லை, சரியான துப்பாக்கி இல்லை என்ற கோபம் நாடு முழுக்க இருந்தது. ஆளுங்கட்சிக்கு உள்ளேயே எதிர்ப்பு கிளம்பி, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி விலக நேர்ந்தது. மேனனைக் கேள்வி கேட்டவர்கள் யாருக்காகக் கேட்டார்கள்? அந்த ஜவானுக்காகத்தான். படை எங்கே நகர்கிறது என்ற ரகசியத்தைப் பேசக்கூடாது, சரி. ஆனால் சிப்பாய்க்கு உடுக்கக் கொடுத்தாயா என்று கேட்க, போர் முடியட்டும் என்று காத்திருக்க முடியுமா? அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன்.

அரசு ஊழியர்கள் பேசலாமா?

கட்டுப்பாடு உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ம் ஆண்டு நடத்தை விதிகள், தமிழக அரசு ஊழியர்களுக்கு 1973-ம் ஆண்டு விதிகள் அரசின் கொள்கையைப் பகிரங்கமாக விமர்சிப்பதைத் தடுக்கின்றன. சங்கம் வழியாகக் கோரிக்கை வைப்பதுதான் நடைமுறையில் இருக்கும் வழி. படையினருக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு நம் அரசைக் குறை சொல்வது?

சொல்வது உண்மையா என்று பாருங்கள். ஓமலூரில் உண்மையாக இருப்பது லண்டனிலும் உண்மைதான்.

அப்படியானால் அரசைத் திட்டுகிற எல்லோரும் தேசபக்தர்களா?

இல்லவே இல்லை. தன் கட்சி ஆளும்போது பெட்ரோல் விலை கண்ணுக்குத் தெரியாது, அடுத்த கட்சி வந்ததும் பைசா கணக்குப் பார்ப்பார்கள் என்றால் அது கட்சிப் பற்று. சரிபார்க்காத வீடியோவை ஊர் முழுக்க அனுப்புவது விமர்சனம் ஆகாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியது நினைவிருக்கும். உண்மையைக் கண்டறியப் பீகார் அரசே ஒரு குழுவை இங்கே அனுப்ப வேண்டி வந்தது. வெள்ளிப்பட்டறை, ஹோட்டல், கட்டட வேலை என்று பிழைக்க வந்தவர்கள் பயந்து நடுங்கினார்கள். அரசைக் கேள்வி கேட்கிறேன் என்று தொடங்கி, ஒரு சாதியையோ மதத்தையோ வேற்று மாநிலத்தவரையோ வெறுப்பதில் முடிகிற பேச்சை நான் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஏற்க மாட்டேன். நாடு என்று நாம் சொல்வதில் பாதிக்குமேல் அந்த மனிதர்கள்தான்.

எனக்குக் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. எங்கே தொடங்குவது?

ஊராட்சியில் இருப்பவர் என்றால் கிராம சபையில். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாட்கள். அந்தத் தேதிகளைக் கவனியுங்கள். குடியரசு தினத்தன்றும் சுதந்திர தினத்தன்றும் கொடியேற்றிய கையோடு மக்களை உட்காரவைத்து, கணக்கைப் படித்துக்காட்டு, கேட்பவருக்குப் பதில் சொல் என்று அரசே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. நாட்டுப்பற்றுக்கும் கேள்வி கேட்பதற்கும் பகை என்றால் இந்த இரண்டையும் ஒரே நாளில் வைத்திருப்பார்களா?

சேர்வராயன் மலையில் ஓர் ஊராட்சியின் ஆகஸ்ட் 15 கூட்டத்துக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும், அதே பெஞ்சுகளை இழுத்துவந்து சில்வர் ஓக் மரத்தடியில் போட்டார்கள். செயலர் வரவு செலவு வாசித்துக்கொண்டே போனார். காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா எழுந்தார். புடவையில் காகிதக் கொடி குத்தியிருந்தது. "தொட்டி கட்டியாச்சு, பைப்பும் போட்டாச்சு, தண்ணி மட்டும் வரல. பணி முடிந்ததுன்னு படிக்கிறீங்களே, எப்படி சார்?" என்று கேட்டார். மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறோம் என்று பதில் வந்தது. "சரி, சொன்னதை நோட்டுல எழுதிட்டு அப்புறம் அடுத்ததுக்குப் போங்க" என்றார். பக்கத்தில் இருந்த பெண்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். எழுதினார்கள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அந்த அக்கா செய்ததையே செய்யுங்கள். கேட்டதோடு விடாமல் தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு அந்தத் தீர்மானத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நகரத்தில் இருப்பவர்கள் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். ரசீது வாங்காமல் வராதீர்கள். கோட்டை மைதானத்தில் ஆர்ப்பாட்டம் என்றால் போலீஸ் அனுமதி தேவை, முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

கேள்வி கேட்டதற்காக "தேசத்துரோகி" என்று சொந்தக்காரர்களே வாட்ஸ்அப் குழுவில் எழுதினால்?

உங்கள் தேசபக்தியை நிரூபிக்க இறங்காதீர்கள். நிரூபிக்கத் தொடங்கினால் நீங்கள் கேட்ட கேள்வி காணாமல் போய்விடும். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். மாமா, சித்தப்பா என்று மரியாதையோடு கூப்பிட்டு, "நான் கேட்டது ரேஷன் கடையில் பருப்பு ஏன் வரவில்லை என்று. அதற்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள்" என்று அதே கேள்வியைத் திரும்ப வையுங்கள்.

மிரட்டல் வந்தால் கதை வேறு. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். உங்கள்மீதே வழக்கு வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் தருகிறார்கள். உதவி எண் 15100.